ஞானமணியின் மைக்குப் பக்கத்தில்

கர்க்கடகம் (ஆடி) 2, வெள்ளி

விடிந்ததிலிருந்து மழை. மரச்சீனிக் கிழங்குச் செடி மூட்டில் தண்ணீர் கட்டி நிற்கிறது. வாய்க்கால் வெட்டிவிட வேண்டும். ஆட்டுக்குத் தழை இல்லை.

மகன் ராஜன் உள்ளறையில். பம்பாயிலிருந்து வந்தது ஊரில் யாருக்கும் தெரியாது. ஏஜென்ட் அங்கே ஒரு அறையில் கொண்டு அடைத்துவிட்டுக் காணாமல் போனான். விசாவே பொய். ஆனால் மகன் துபாயில் என்று என் மனைவி ரோசம்மை சர்ச் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். "கொஞ்ச நாள் கழியட்டு. லீவுக்கு வந்தான்னு சொல்லிக்கலாம்" என்கிறாள். சோறு கதவிடுக்கு வழியாக.

முதியோர் வகுப்பில் படித்த எழுத்து. இவ்வளவு எழுதவே கை கடுக்கிறது.

கர்க்கடகம் 3, சனி

ஞானமணி வந்தான், ஆட்டுக்குட்டி விலைக்கு உண்டா என்று கேட்க. சந்திப்பில் பஞ்சாயத்து ரேடியோவை நடத்துகிறவன். நிலையச் செய்தி முடிந்ததும் மைக்கை இழுத்துவைத்து ஊர்ச் செய்தி சொல்வான். தமிழில் ஒரு தடவை, மலையாளத்தில் ஒரு தடவை. ரப்பர் விலை. காணாமல் போன பசு. காரக்கோணம் ஆஸ்பத்திரியில் பிரசவக்காரிக்கு ரத்தம் வேண்டும். தனுவச்சபுரம் பஸ் இன்று இல்லை. அவன் சொல்லி ரத்தம் கொடுக்க ஓடியவர்களில் நானும் உண்டு.

அவன் வந்த நேரம் ராஜன் கிணற்றடியில் சோப்பு தேய்த்துக்கொண்டு நிற்கிறான். ஞானமணி பார்த்தான். உடனே தலையைத் தூக்கிப் பலாமரத்தைப் பார்த்தான்.

"அண்ணா, சக்க இந்தத் தடவ கொறவாக்கும்."

குடையை விரித்துக்கொண்டு போனான். ஆட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை.

கர்க்கடகம் 4, ஞாயிறு

சாயங்காலம் ஒலிபெருக்கிக் குழாயில் அவன் குரல். "வெளிநாடு போக பாஸ்போர்ட்டு குடுத்த பிள்ளைகளுக்க வீட்டுக்காரங்க கேளுங்க. திரிச்சு வாங்குங்க. அந்த விசா பம்பாய் வரைக்கும் ஆக்கும்."

ஏஜென்ட் பெயர் சொல்லவில்லை. எல்லாருக்கும் புரிந்தது.

எனக்கு இன்னொன்றும் புரிந்தது. செய்தி கொடுக்கிற ஆள் மைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது ஞானமணியின் சட்டம். சாவுச் செய்தியானாலும் சரி, கோழி காணாமல் போனாலும் சரி. ஆளில்லாமல் வாசித்ததே இல்லை. இன்று வாசித்தான்.

ரோசம்மை: "நம்மள நாறடிச்சிட்டான்."

"நம்ம பேரச் சொன்னானா?"

"இல்ல."

"பின்னே?"

எழுந்து அடுக்களைக்குப் போனாள். பாத்திரச் சத்தம் மட்டும்.

கர்க்கடகம் 5, திங்கள்

மழை. தூக்கம் சரியில்லை. பழையதெல்லாம் வருகிறது.

குடிகிடப்புச் சட்டம் வந்த காலம், குடிசைக்காரனுக்கே அவன் குடியிருக்கிற இடம் என்று. மனு போடுவதற்குள் குடிலைப் பிரித்து எறிவேன் என்றார் நிலத்துக்காரர். ஞானமணியிடம் போனேன். அன்றைக்கு அவனுக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. "வாசிக்கேன். ஆனா நீங்க பக்கத்துல நிக்கணும்" என்றான். நின்றேன். எதிரே சாயாக்கடையில் நிலத்துக்காரரின் காரியஸ்தன். என் பெயர், அப்பன் பெயர், இன்ன இடத்தில் குடியிருக்கிறேன், மனு கொடுத்துவிட்டேன், எல்லாம் வாசித்தான். சந்திப்பு முழுக்கச் சாட்சி. பிறகு எவன் கை வைப்பான்? மறுநாள் மைக்கடியில் மற்ற குடிசைக்காரர்களின் வரிசை.

இந்தப் பத்து சென்ட் அப்படி நின்றது.

கர்க்கடகம் 6, செவ்வாய்

சாயா குடிக்கப் போனேன். அங்கே ஞானமணி. எதிரே பஞ்சாயத்து மெம்பர். ஏஜென்டின் மச்சினன்.

"எலே ஞானமணி, ஒனக்குச் சொன்ன ஆளு எவன்? கொண்டு நிறுத்து."

"ஆளு உண்டு."

"எங்க?"

"நல்ல மழையில்லா. நனையண்டாம்னு விட்டேன்."

கடையில் சிரிப்பு. மெம்பர் சிரிக்கவில்லை. "வியாழக்கிழம சாயங்காலம் ஆளு வரணும். இல்லேங்கி ரேடியோ ரூமுக்க சாவிய வச்சிட்டுப் போவணும்."

ஞானமணி என் பக்கம் திரும்பவே இல்லை. தையல்காரன் மட்டும் சாயாவை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் மகனுக்கு அதே ஏஜென்ட் வழியாக அடுத்த வாரம் பயணம். யாரை நம்புவது என்று தெரியாத முகம்.

கர்க்கடகம் 7, புதன்

வீட்டில் சொன்னேன்.

ராஜன்: "அப்பா, நான் போறேன்."

ரோசம்மை வாசலை மறித்தாள். "எவன் வேணும்னாலும் நிக்கட்டு. எனக்க மகன் நிக்கமாட்டான்."

"ஞானமணிக்க வேலை போவும் பிள்ளே" என்றேன் அவளிடம்.

"போவட்டு."

சொல்லிவிட்டு அடுக்களையில் போய் அழுதாள். யாரும் சாப்பிடவில்லை. ஆட்டுக்குத் தழை நான்தான் போட்டேன்.

கர்க்கடகம் 8, வியாழன்

ராஜனை விட்டுவிட்டு நானே போய் நிற்பது என்று முடிவு. சாயங்காலம் சட்டையைப் போட்டேன். ரோசம்மையைக் காணவில்லை. கொடியில் சர்ச் புடவை இல்லை. குடையும் இல்லை.

சந்திப்பில் கூட்டம். மேசையில் சாவி, பக்கத்தில் மெம்பர். மைக்குப் பக்கத்தில் ரோசம்மை.

"மைனி, வேண்டாம். வீட்டுக்குப் போங்க" என்கிறான் ஞானமணி. மைக் திறந்து கிடந்தது. எல்லாருக்கும் கேட்டது.

"நீ வாசி. எனக்க மகன் ராஜன் துபாயில இல்ல. இந்த ஏஜென்டு பம்பாயில கொண்டு தள்ளினான். திரிச்சு வந்து வீட்டுல இருக்கான். துபாய்னு சொன்னது நான் ஆக்கும்."

ஞானமணி மைக்கைத் தன் பக்கம் இழுத்தான். பிறகு தமிழில் வாசித்தான். மறுபடி மலையாளத்தில் வாசித்தான்.

தையல்காரன் தன் கடையை அப்படியே போட்டுவிட்டு ஏஜென்ட் வீட்டுப் பக்கம் நடந்தான். பின்னால், பாஸ்போர்ட் கொடுத்த வீட்டுப் பெண்கள் இரண்டு பேர். மெம்பர் சாவியைத் தொடவில்லை.

நானும் ரோசம்மையும் திரும்பினோம். மழை விட்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் உள்ளறைக் கதவைத் தட்டினாள்.

"எலே, வெளிய வா. முற்றத்துல இருந்து சோறு தின்னு."