சிவப்பு விழுந்த வகுப்பு

மூன்று வாரங்களுக்கு முன் பள்ளி அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டு ஒரு கண்ணாடிக் கேடயத்தைக் கையில் கொடுத்தார்கள். அதில் உன் பெயரைப் பொறித்திருந்தார்கள். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம். ஆசிரியர் அறையில் ஏழு வருஷம் உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள் நான்தானே. பெயரில் பிழை இல்லை. அதற்குக் கீழே இருந்த வரியைத்தான் இரண்டு தடவை படித்தேன். தொழில்நுட்பத்தால் மாணவர்களை ஈர்க்கும் சிறந்த ஆசிரியருக்கு, ஆண்டுதோறும், உன் நினைவாக விருது.

உன் நினைவாக. உன்னை வகுப்பிலிருந்து வெளியே அனுப்பியவர்கள் கொடுக்கிறார்கள்.

கணவரின் வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்து, ராமச்சந்திராபுரத்தில் இந்தப் பள்ளியில் உயிரியல் ஆசிரியையாகச் சேர்ந்தபோது, தமிழ் பேச நீ ஒருத்திதான் கிடைத்தாய். செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவள் நீ. உன் தமிழில் ஆமாமுக்கு ‘ஹவ்’, வேண்டாமுக்கு ‘நக்கோ’ என்று பாதிக்கு உருது கலந்திருக்கும். நான் ‘ஏட்டி’ என்று கூப்பிட்டால், “என்னபா இது, ஆட்டுக்குட்டியக் கூப்பிடற மாதிரி” என்று சிரிப்பாய். எந்தப் புதுக் கருவி வந்தாலும் முதலில் தொட்டுப் பார்ப்பவளும் நீதான். வகுப்பறைக்குப் பெரிய திரை வந்த வாரத்திலேயே அதன் சூட்சுமங்களை எங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தாய். இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் பிற்பாடு, உனக்குத் தொழில்நுட்பம் ஒத்துவரவில்லை என்று கோப்பில் எழுதினார்கள்.

எட்டாம் வகுப்பில் நீ இயற்பியலில் ஒலி பற்றிய பாடம் நடத்திய நாள் நினைவிருக்கிறது. எனக்கு அப்போது வகுப்பில்லை, பின்வரிசையில் வந்து உட்கார்ந்தேன். வீட்டில் யாருடைய கைபேசியிலாவது ஒரு சத்தத்தைப் பதிவு செய்து கொண்டுவரும்படி பிள்ளைகளிடம் முந்தின வாரம் சொல்லியிருந்தாய். ஒருவன் கம்பெனி பஸ் கிளம்பும் உறுமலைக் கொண்டுவந்தான். ஒருத்தி குக்கர் விசில். ஒவ்வொன்றையும் திரையில் போட்டதும் அது அலையலையாக ஓடியது. பட்டான்செருவிலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும் ஸ்ரவந்தி, ஜூன் மாதத்திலிருந்து வாயே திறக்காதவள், எழுந்து வந்து, “நாதி சூடண்டி மேடம்,” என்னுடையதைப் பாருங்கள் என்றாள். ராத்திரி ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்கும் அவள் அப்பாவின் குறட்டை அது. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நீயும் சிரித்துவிட்டு, “சரி, இதோட அதிர்வெண் எவ்வளவு, பஸ்ஸைவிடக் கூடவா குறைவா?” என்று இந்தியில் கேட்டாய். நாற்பது பிள்ளைகளும் பெஞ்சை விட்டு எழுந்து திரையைச் சூழ்ந்துகொண்டு சண்டை போட்டார்கள். பதினெட்டு வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். அப்படி ஒரு வகுப்பை நான் நடத்தியதில்லை.

அந்த வகுப்புக்குத்தான் சிவப்பு விழுந்தது.

சோதனையாகச் சில வகுப்புகளில் கரும்பலகைக்கு மேலே ஒரு கேமராவைப் பொருத்தி அப்போது ஒரு மாதம் ஆகியிருந்தது. பிள்ளைகள் தத்தம் இடத்தில் உட்கார்ந்து முன்னால் பார்க்கிறார்களா என்று அது முகங்களை எண்ணும். பாடவேளை முடிந்ததும் பிரின்சிபலின் கணினியில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு நிறம் காட்டும். உன் வகுப்பில் யாரும் இடத்தில் இல்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் காலி பெஞ்சுகள். உன்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள். “வந்து வகுப்பைப் பாருங்க சார்” என்றாய். வரவில்லை. அறிக்கையைப் பார்த்தால் போதுமாம்.

மறுநாள் வகுப்புக்குப் போகும்முன் என்னிடம் வந்து, “ஒரு பொட்டு குடுபா” என்றாய். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரிக்கு எதற்குப் பொட்டு என்று கேட்டுக்கொண்டே கைப்பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தேன். பெரிய மெரூன் பொட்டு ஒன்றை உரித்து, நாற்காலி மேல் ஏறி, கேமராவின் கண்ணில் ஒட்டினாய்.

“ஏட்டி, வேலைக்கு உலை வைக்காத.”

“நக்கோ, ஒண்ணும் ஆகாது. பசங்களத்தானே பாக்கணும்? நான் பாத்துக்கறேன்.”

நான்கு நாள் கழித்து விசாரணை. ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பொட்டு யார் கொடுத்தது என்று கேட்டார்கள். நீ என் பக்கம் திரும்பவே இல்லை, கடையில் வாங்கினேன் என்றாய். சாட்சியாக அழைக்கப்பட்டு நான் அங்கேதான் இருந்தேன். என் நெற்றியில் அதே மெரூன் பொட்டு. குறட்டை வகுப்பில் நானும் இருந்தேன், அதைவிட நல்ல வகுப்பை நான் கண்டதில்லை என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டுக்கடன் இருந்தது, பயம் இருந்தது.

உன்னை நூலகத்துக்கு மாற்றினார்கள். இயற்பியலில் தங்கப் பதக்கம் வாங்கிய நீ ஒரு வருஷம் புத்தக முதுகில் எண் ஒட்டிக்கொண்டிருந்தாய். பிறகு புற்றுநோய் வந்தது. நோய்க்கு அவர்கள் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் நீ வகுப்பில் நின்றிருக்க வேண்டிய கடைசி வருஷத்தை எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள்தான். அதற்கு எந்த மருத்துவரின் சான்றும் எனக்குத் தேவையில்லை. மருத்துவமனையில் நான் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டபோது, “விடுபா, நீயும் சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து எண் ஒட்டியிருப்போம்” என்றாய். அந்தப் பெருந்தன்மையை என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

கேடயத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பிரின்சிபலிடம் சொன்னேன். “அந்தப் பொட்டு என்னுடையது சார்.” அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, “எந்தப் பொட்டு மேடம்?” என்று கேட்டார். மறந்துபோயிருந்தார். கோபப்பட்டிருந்தால்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

ஆண்டு விழாவில் உன்னைப் பற்றிப் பேச எனக்கு இரண்டு நிமிஷம் கொடுத்தார்கள். எழுதித் தந்த தாளை மடித்து வைத்துவிட்டு, குறட்டை வகுப்பைச் சொன்னேன். அதற்குச் சிவப்பு விழுந்ததையும், உன்னை எங்கே அனுப்பினார்கள் என்பதையும், நான் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சொன்னேன். குறட்டைக்குப் பெற்றோர் சிரித்தார்கள். மற்றதற்குக் கொஞ்சம் நெளிந்தார்கள். பிறகு எல்லாரும் கைதட்டினார்கள், பிரின்சிபலும்தான். அடுத்த நிமிஷம் விருதை வழங்கினார்கள். வருஷம் முழுக்க ஒரு சிவப்புகூட வாங்காத ஆசிரியருக்கு. அவரைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகளை அசையாமல் உட்கார வைக்க அவருக்குத் தெரியும், அதைத்தான் பள்ளி கேட்கிறது.

நேற்று ஆசிரியர் அறைக்கு ஒரு படிவம் வந்தது. அடுத்த வருஷத்திலிருந்து எல்லா வகுப்பிலும் கேமரா, சம்பள உயர்வும் அந்த நிறத்தைப் பொறுத்து. சம்மதம் என்று எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். கைமாறி என்னிடம் வந்தது. நீயாக இருந்தால் சிரித்துக்கொண்டே ஏதாவது சொல்லியிருப்பாய். எனக்கு அப்படி வராது. எழுந்து நின்றேன். படிவத்தை மேசைமேல் வைத்தேன். “வந்து வகுப்பைப் பாருங்கள். பார்க்காமல் நிறம் போடுவதற்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்” என்றேன். சிலர் குனிந்துகொண்டார்கள். நானும் அன்றைக்கு இப்படித்தானே குனிந்திருந்தேன், அவர்களை என்னால் வெறுக்க முடியவில்லை.

அடுத்துக் கையெழுத்துப் போட வேண்டிய கணக்கு ஆசிரியை மட்டும் திறந்து வைத்திருந்த தன் பேனாவை மூடினாள்.