அரைத் தீனிக் கூண்டு

என் அன்பு மனைவிக்கு,

நான் சுகம். நீயும் வயிற்றிலிருக்கும் நம் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் சொன்னால் பாதியிலேயே பயந்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் வேலை போகவில்லை!

ஆய்வுக்கூடத்தில் நான் தீனி போடும் சினை எலிகளில் ஒரு கூண்டுக்கு அரைத் தீனிதான். அதிலிருந்த எலி கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. தினமும் ஒரு பிடி கூடப் போட்டேன். எடை பார்த்த டாக்டரம்மா கண்டுபிடித்துவிட்டார்.

"ஆராய்ச்சியையே கெடுத்துட்டீங்களே!" என்று கத்தியவர், காரணம் கேட்டுச் சிரித்துவிட்டார். "தாய் பட்டினி கிடந்தா, கிடைக்கிறதைச் சேர்த்து வைக்கத்தான் வயித்துப் பிள்ளையோட உடம்பு பழகும். தாய் கவலைப்பட்டா சுரக்கிற ஹார்மோனும் பிள்ளையைப் பாதிக்கும். பின்னாடி சர்க்கரை நோய் வர வாய்ப்பு கூடும். அதைத்தான் பார்க்கறோம்."

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை! பிறக்காத பிள்ளைக்கு இப்போதே நாம் ஏதாவது செய்யலாமே! என் அம்மாமீது கோபம் வந்தால் மனதுக்குள் குமையாதே, என்னைத் திட்டி எழுது.

பஸ் வந்துவிட்டது. நான் கூப்பிடும்வரை சாப்பிடாமல் காத்திருக்கிறாயே, இனி அது வேண்டாம். உன் காலித் தட்டின் போட்டோ வந்த பிறகுதான் கூப்பிடுவேன். சீக்கிரம் சாப்பிடு, உன் குரலைக் கேட்க வேண்டும்.