பட்டறை பிரிக்கும் வரை

மாப்ளே,

நேற்று மதியம் கடை வாசலில் அறுபட்ட வெங்காயத் தாளின் நெடி. ஒரு கம்பெனிக்காரர் வெங்காயத் தாள் அறுக்கும் மிஷினைக் கொண்டுவந்து இறக்கினார். பச்சை பெயின்ட், பளபளவென்று பிளேடு. நான்கைந்து கை வெங்காயத்தை அள்ளிப் போட்டு ஓட்டிக் காட்டினார். நெடி மூக்கில் ஏறியதும் நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். வெங்காயத்தின் முன்னால் அழுவதில் ஒரு வசதி, யாரும் காரணம் கேட்பதில்லை.

நீ செய்த மிஷினுக்குப் பெயின்ட்டே கிடையாது. "பெயின்ட் அடிச்சா வேலை முடிஞ்ச மாதிரி ஆயிடும்டா, முடியலியே" என்பாய். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உன் லேத் ஒர்க்‌ஷாப், மெயின் ரோட்டில் என் பம்புசெட் கடை. சாயங்காலமானால் கை முழுக்க கிரீஸோடு வந்து என் கல்லாவில் சாய்ந்து நிற்பாய். கல்லாவில் கறை படுகிறது என்று நான் கத்துவேன். நீ இன்னும் கொஞ்சம் அழுத்திச் சாய்வாய்.

முதல் மிஷினை நாம் எவ்வளவு அவசரமாக வெளியே அனுப்பினோம்! வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு பெரியவர் காட்டில் ஓட்டினோம். பத்துப் பெண்கள் நாளெல்லாம் உட்கார்ந்து அறுப்பதை அது மதியத்துக்குள் முடித்தது. ஊரே வேடிக்கை பார்த்தது. நானும் கடையில் வருகிறவர்களிடமெல்லாம் என்னவோ நானே செய்தது போலப் பெருமை அடித்துக்கொண்டேன். அந்த வெங்காயத்தைப் பெரியவர் அடுத்த நடவுக்கு விதையாக வைத்தார். கீற்றும் சோளத்தட்டையும் வைத்துக் காட்டிலேயே வெங்காயம் சேமிக்கும் பட்டறை கட்டி மூடினார். மூடிய பட்டறையை நடவு வரைக்கும் யாரும் தொட மாட்டார்கள். மூன்று மாதம் கழித்து வைகாசியில் பிரித்தால், உள்ளே பாதிக்குமேல் அழுகல். மிஷின் தாளைக் கழுத்தோடு ஒட்ட அறுத்திருந்தது. அறுத்த அன்றைக்கு அது யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

பெரியவர் சண்டைக்கு வரவில்லை. ஒரு பையில் அழுகல் வெங்காயத்தைக் கொண்டுவந்து என் கல்லாமேல் வைத்தார். "மோந்து பாருங்க தம்பி" என்றார், அவ்வளவுதான். நீ உன் வீட்டில் வைத்திருந்த விதை வெங்காயத்தை மூட்டை கட்டி அவருக்கு அனுப்பினாய். அன்றைக்கு உன் முகத்தில் சிரிப்பே இல்லை.

"மாப்ள, இனிமே பட்டறை பிரிச்சுப் பாக்காம நம்ம மிஷின் ஒண்ணுகூட வெளிய போவக்கூடாது. சொல்லிப்புட்டேன். நானே வந்து கேட்டாலும் குடுக்காத."

நானே வந்து கேட்டாலும். அந்த வார்த்தையை எதற்காக மாப்ளே சொன்னாய்?

அடுத்த மிஷினுக்கு, காய் நசுங்காமலிருக்க, இரும்பு உருளையை எடுத்துவிட்டு ரப்பர் உருளை போட்டாய். கழுத்தில் ஒரு விரல்கடை விட்டு அறுக்கும்படி பிளேடைத் தள்ளி வைத்தாய். தை மாதம் உன் மாமனார் காட்டு வெங்காயத்தை அதில் அறுத்து, பட்டறை போட்டு மூடினோம். வைகாசி வரைக்கும் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான் என்று நான் நினைத்தேன். உனக்கு அதற்குள் கால் வீங்க ஆரம்பித்துவிட்டது. கிட்னி என்றார்கள். வாரத்தில் பாதி நாள் திருச்சி பஸ்ஸில்தான் இருந்தாய்.

பங்குனியில் ஒரு நாள் திருச்சியிலிருந்து இறங்கி நேரே கடைக்கு வந்தாய். கல்லாவில் சாயவில்லை. ஸ்டூலைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தாய்.

"அரும்பாவூர்ல ஒருத்தரு வெங்காயத்தப் புடுங்கிப் போட்டுட்டு ஆள் கெடைக்காம நிக்கிறாரு. மிஷின ஏத்தி விட்ருவோமா?"

"பட்டறை பிரிக்கட்டும்டா."

"ரெடிதான் மாப்ள. எனக்குத் தெரியும். அடுத்தவன் காட்டுல அது ஓடறத ஒரு தடவ பாத்துட்டாப் போதும். அதுவுமில்லாம அவரு…"

"நீதான சொன்ன, நீயே கேட்டாலும் குடுக்கக்கூடாதுன்னு? சும்மா இருடா. வைகாசி எங்க ஓடிப்போவுது?"

நீ என்னைப் பார்த்தாய். பிறகு சிரித்தாய். "சரியான கல்லுளிமங்கன்டா நீ" என்று சொல்லி எழுந்தாய். எழுவதற்கு என் தோளைப் பிடித்தாய். அந்தக் கையில் கனமே இல்லை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. ஒரு நல்ல வியாபாரி எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்துவிட்டதாக அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

சித்திரை முடிவதற்குள் நீ போய்விட்டாய்.

வைகாசியில் பட்டறையைப் பிரித்தோம். உன் மனைவியும் வந்திருந்தாள். கீற்றை விலக்கி உள்ளே கைவிட்டேன். காய்ந்து, கெட்டியாக, கலகலவென்று வந்தது வெங்காயம். எவ்வளவு தோண்டியும் ஒரு அழுகல் இல்லை. ஒன்றாவது அழுகியிருக்கக் கூடாதா என்று தேடினேன் மாப்ளே. நாலு வெங்காயம் அழுகியிருந்தால்கூட என் பக்கம் கொஞ்சம் நியாயம் இருந்திருக்கும். "அவருகிட்ட காட்டியிருக்கலாங்கண்ணே" என்று மட்டும் சொன்னாள் உன் மனைவி.

இதோடு விட்டிருந்தாலும் காலம் ஆற்றியிருக்கும். அந்த அரும்பாவூர்க்காரர் ஆவணியில் மோட்டாருக்கு வால்வு வாங்கக் கடைக்கு வந்தார். அன்றைக்கு மிஷின் கொடுக்காததற்கு நானாகவே சமாதானம் சொன்னேன். பட்டறையில் வைத்துப் பார்க்காமல் கொடுக்கிறதில்லைங்க, விதை கெட்டால் பாவம் என்றேன்.

"எனக்கு எதுக்குங்க பட்டறை? அத அறுத்த கையோட திருச்சி மண்டிக்குல்ல ஏத்துனேன். உங்க கூட்டாளிகிட்ட அப்பவே சொன்னனே."

மண்டிக்குப் போகிற வெங்காயம் நாலு நாளில் குழம்பில் கிடக்கும். அது மூன்று மாதம் தாங்குமா என்று யார் கேட்கப் போகிறார்கள்? அந்த வேலைக்கு உன் மிஷின் பங்குனியிலேயே தயார். "அதுவுமில்லாம அவரு" என்று நீ ஆரம்பித்தது இதைத்தான். நான் வாயை மூடிக்கொண்டு இன்னும் ஒரு வாக்கியம் கேட்டிருந்தால், மறுநாளே வண்டியில் ஏற்றியிருப்பேன். அரும்பாவூர்க் காட்டு வரப்பில் உன்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருப்பேன். நீ பார்த்திருப்பாய்.

நீ போட்ட சட்டம் நல்ல சட்டம்தான். எதற்காகப் போட்டாய் என்பதை மறந்துவிட்டு அதை உன்னிடமே காட்டினேன் பார், அது என் குற்றம். யார் என்ன ஆறுதல் சொன்னாலும் அதில் மாற்றமில்லை.

உன் மிஷின் பிறகு ஓடியது. சுற்றுவட்டாரத்தில் இன்னும் ஓடுகிறது. உன் ஒர்க்‌ஷாப்பை உன் மைத்துனன் பார்த்துக்கொள்கிறான். நாலுவழிச் சாலைக்காக என் கடை வாசல் புளியமரத்தை வெட்டிவிட்டார்கள். கல்லாவில் உன் கிரீஸ் கறை அப்படியே இருக்கிறது. துடைக்க வந்தவர்களை விரட்டிவிட்டேன்.

நேற்று கண்ணைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, கம்பெனிக்காரரிடம் உன் கேள்வியைக் கேட்டேன். பட்டறையில வச்சுப் பாத்தீங்களா? இல்லைங்க சார் என்றார். விதைக்கு வேண்டாம், மண்டிக்குப் போகிற வெங்காயத்துக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று சொல்லி அதைக் கடையில் விட்டுப் போகச் சொன்னேன். கிளம்பும்போது அவரை நிறுத்தி இன்னொன்றும் கேட்டேன். புது மிஷின் எது வந்தாலும் இப்போது அதைக் கேட்காமல் விடுவதில்லை.

"இதச் செஞ்சவரு நல்லா இருக்காருங்களா?"

"நல்லா இருக்காரு சார், ஏன்?"

"அவர ஒருநா கூட்டிட்டு வாங்க. காட்டுல ஓடறப்ப அவரு பாக்கணும்."