இரண்டாவது கரண்டி

கிணற்றடி மோட்டருக்குப் புதுக்குழாய் வாங்குவதென்ற தீர்மானம், வீட்டார் அனைவரும் கூடியிருந்து விவாதித்தபின், நேற்று ஏகமனதாக நிறைவேறியது. இன்று கடையில் அந்தக் குழாயை முகர்ந்து பார்த்தேன். கடைக்காரர் சற்றுத் தள்ளி நின்றார். இனிப்புக் கலந்த அந்த மருந்து மணம் வந்ததும் நீர் நினைவுக்கு வந்தீர்.

புத்தூரில் நாம் கூட்டாக நடத்திய பட்டறையில் தூள் வாங்குவது நான், மெஷின் உமது பொறுப்பு. காங்கேசன்துறையிலிருந்து வரும் உடைந்த மீன்பெட்டிகளை உருக்கிக் குழாயாகத் தள்ளும்போது, வாளிக்கு ஒரு கரண்டி பெரொக்சைட் தூள்; அந்த மணம் அதனுடையதுதான். அது சூட்டில் பிளாஸ்டிக்கின் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும். குறைந்தால் குழாய் வெயிலில் தளரும். கூடினால் மெஷினுக்குள்ளேயே இறுகிவிடும். கரண்டியை நீர் சட்டைப்பையில் வைத்திருந்தீர். ஒருமுறை அதைத் தாரும் என்று கேட்டேன்.

“ஏன், உம்மட வீட்டிலை கரண்டி இல்லையோ?” என்றீர்.

ஒருநாள் வெங்காயத் தோட்டக்காரர் ஒருவர், மதிய வெயிலில் துவண்ட நம் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

“உதென்ன, குழாயோ புடலங்காயோ? அடுத்ததும் இப்பிடியெண்டால் ஊரிலை ஒருத்தரும் உங்களிட்டை வாங்கமாட்டினம்.”

பழைய தூளை வாங்கிவிட்டேன் என்பதுபோல் நீர் என்னைப் பார்த்தீர். தூளை மிச்சம் பிடிக்கிறீர் என்று நான் உம்மைப் பார்த்தேன். இருவரும் தோட்டக்காரருக்குத் தேநீர் கொடுத்தோம்.

மறுநாள் நீர் கைகழுவப் போன நேரம், வீட்டிலிருந்து கொண்டுவந்த கரண்டியால் வாளிக்குள் இன்னொரு கரண்டி போட்டேன். சற்று நேரத்தில் மெஷின் முனகி நின்றது. உள்ளே எல்லாம் கல்லாகியிருந்தது.

“நீர் ஏதும் போட்டனீரோ?”

“இல்லையே. நீர்?”

“நான் ஏன் போடப்போறன்?” என்றீர், கேள்வி முடியுமுன்பே.

மூன்று நாள் உளியால் கொத்தினோம், ஆளையாள் பார்க்காமல்.

பல வருடங்களின்பின், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி நீரே தொடங்கினீர்:

“கூடுதலா ஒரு கரண்டி விழுந்தால் அந்த மெஷின் இறுகாது. தெரியுமோ?”

“ஓம், தெரியும்.”

“ரெண்டு வேணும்.”

“ஓம்.”

நீர் தோடம்பழம் உரித்து எனக்குப் பாதி தந்தீர். நான் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தின்றேன்.

இப்போதும் கறியில் உப்புக் குறைவாகத் தெரிந்தால், போட்டாயா என்று மனைவியிடம் கேட்காமல் உப்பில் கைவைப்பதில்லை. பதிலை நம்புகிறேனா என்பது வேறு விடயம்.

அப்படி இறுகிய பிளாஸ்டிக் திரும்ப உருகாது. மெஷின் பழைய இரும்புக்குப் போனது. பட்டறைக் கட்டடத்தில் வெங்காயம் உலர்த்துகிறார்கள். புத்தூர்த் தோட்டங்களுக்குக் குழாய் கொழும்பிலிருந்து வருகிறது.