அப்பாவுக்கு மூன்று டம்ளர்

மார்ச் 4
டயாலிசிஸ் அறையில் இன்று எண்ணிப் பார்த்தேன். கட்டில்களில் ஒன்பது ஆண்கள், இரண்டு பெண்கள். பக்கத்து ஸ்டூல்களில் எல்லாம் பெண்கள். அந்த இரண்டு பெண்களின் ஸ்டூல் மட்டும் காலி.

அப்பாவுக்குத் துணையாக வர, பத்தாவதோடு பள்ளியை நிறுத்திக்கொண்டேன். ஒரு நாளைக்கு அவருக்கு மூன்று டம்ளர் தண்ணீர்தான். அளந்து கொடுப்பது நான்.

மார்ச் 11
அப்பாவின் சிறுநீரகத்தைக் கெடுத்த இந்த நீர்க்கட்டி நோய் பிள்ளைகளுக்கும் வரலாமாம். அண்ணனுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை. அம்மா அழுதேவிட்டாள்.

“எனக்கு?” என்றேன். எப்படித்தான் வாய் வந்ததோ.

“உனக்கு எதுக்குடி? இருக்குன்னு தெரிஞ்சா எவன் கட்டிக்குவான்? சும்மா கெடக்கிற சங்கை ஊதிக் கெடுக்காத.”

மார்ச் 12
ஊதாவிட்டால் சங்கே இல்லை என்றாகிவிடுமா?

ஏப்ரல் 20
அம்மாவின் சிறுநீரகம் அப்பாவுக்குப் பொருந்தவில்லை. அண்ணன், “நான் தர்றேம்மா” என்றான். “வேலைக்குப் போற பையன், பேசாம இரு” என்றாள்.

அப்புறம் யாரும் என்னைப் பார்க்கவில்லை. போன மாதம் எனக்குப் பதினெட்டு முடிந்தது; சிறுநீரகம் கொடுக்கிற வயது.

ஏப்ரல் 22
இப்போது எனக்கும் ஸ்கேன் வேண்டுமாம்! கட்டிக்கப் போறவன் எங்க போனான்? – கேட்கவில்லை.

ஏப்ரல் 29
இருக்கு. ரெண்டு பக்கமும் நீர்க்கட்டி. ஈரலிலும்.

டாக்டர் சொன்னார்: “ஆம்பளைங்களுக்குக் கிட்னி சீக்கிரம் கெடும்மா. பொண்ணுங்களுக்குப் பெரும்பாலும் மெதுவாத்தான். ஆனா ஈரல்ல கட்டி அதிகமா வளரும். வயிறு பெருத்துடும்.”

வெளியே வந்து அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பாவின் தங்கை, செத்துப்போன அத்தைக்கும் வயிறு பெரிது.

“எத்தனாவது மாசம்னு கேட்டுக் கேலி பண்ணுவேம்மா அவளை.”

ஏப்ரல் 30
“யார்கிட்டயும் மூச்சு விடாத” – அம்மா.

மே 6
நான் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டுமாம். மூன்று லிட்டர். நாக்கு வறண்டு கிடக்கும் மனிதர் முன்னால் எப்படிக் குடிப்பேன்? குளியலறைக்குள் போய்க் குடிக்கிறேன்.

மே 15
அப்பா கண்டுபிடித்துவிட்டார். டயாலிசிஸ் கட்டிலில் காலை ஒதுக்கி, “ஸ்டூல் வேணாம், இங்க உக்காரு” என்றார். ஊசி இல்லாத கையால் தன் டம்ளரை நிரப்பி நீட்டினார்.

“இனிமே உனக்கு நான் அளக்குறேன். குடி.”

குடித்தேன். கூடவே அவர் தொண்டையும் ஏறி இறங்கியது.