கண்ணோரத்து வயர்

மார்ச் 12, 2009
பித்தளைக் குழாய் விலை மறுபடி ஏறிவிட்டது. நடுவில் தங்கச்சி போன். "அண்ணா, நாளைக்கு ஆய்வுக்கூடத்துக்கு வா. உன் மண்டை வேணும்."
தெரிந்த முகத்தை நினைத்துப் பார்க்கும்போது மூளையில் ஓர் அலை எழுகிறது என்று முதன்முதலில் கண்டுபிடித்தவள் அவள். அடுத்த மாதம் அதற்குப் பெரிய விருது. குழாய் வாங்க வருகிறவன் கேட்கிறானோ இல்லையோ, சொல்லித்தான் அனுப்புகிறேன்.

மார்ச் 13
தலையில் வயர் தொப்பி. திரையில் முகங்கள். "யாருன்னு ஞாபகப்படுத்திப் பாரு." அலை மலையாக எழுந்தது. எனக்குப் பெருமை. அவள் முகத்தில் ஈயாடவில்லை.
"யோசிச்சா இடது கண்ணைச் சுருக்குவியா அண்ணா?"
பேரத்தில் வந்த பழக்கம்.
"இப்ப ஒண்ணும் யோசிக்காதே. கண்ணை மட்டும் சுருக்கு."
அதே அலை!

மார்ச் 18
மற்றவர்களையும் சோதித்துவிட்டாள். நினைக்கும்போது எல்லாருக்கும் கண்ணோரம் லேசாக இழுக்கிறதாம். இத்தனை வருஷம் பேசியது மூளை இல்லை, கண் தசை.
"விருது மேடையிலேயே சொல்லிடப்போறேன்."
"பைத்தியமா உனக்கு? முதல்ல விருதை வாங்கு. அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்."
"நீ வித்த குழாய் கசியுதுன்னு தெரிஞ்சா, வாங்கினவன் வந்து கத்தட்டும்னு உக்காந்திருப்பியா?"
என் சரக்கை எனக்கே விற்கிறாள்!

மார்ச் 25
ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துத் தொலைத்தேனே.

ஏப்ரல் 11
சொல்லிவிட்டாள். குரல் நடுங்கவே இல்லை. விருது போச்சு, ஆய்வுக்கு வந்த உதவியும் போச்சு. அரங்கமே கப்சிப். கடைசி வரிசையில் நான் ஒருத்தன் கைதட்டினேன். பக்கத்து ஆள் முறைத்தார் – முறைக்கட்டுமே. கசிகிற குழாயை மேடையில் தூக்கிக் காட்ட எந்த வியாபாரிக்குத் துணிச்சல் வரும்? எனக்கு வருமா?

மே 2
கடை மாடியை ஒழித்துக் கொடுத்தேன். கண் பேசுவதையும் மூளை பேசுவதையும் தனித்தனியாகப் பிரிக்க வழி தேடப்போகிறாளாம்.
"வாடகை எவ்வளவு முதலாளி?"
"கண்ணைச் சுருக்க ஆள் வேணும்னா கூப்பிடு. அதுவே போதும்."

ஆகஸ்ட் 30, 2017
தலைசுற்றல் என்று மருத்துவமனைக்குப் போனேன். மூளை அலைப் பரிசோதனை. பரிசோதனை செய்கிற பெண் தலை முழுக்க வயர் ஒட்டி, கண்ணோரத்திலும் இரண்டை ஒட்டினாள்.
"மூளையைப் பாக்க கண்ணுல எதுக்கும்மா?"
"கண் தசை இழுக்கறதைப் பிரிச்சு எடுக்கணும் சார். இல்லன்னா ரெண்டும் கலந்துடும். இப்படிப் பிரிக்கறது ஒரு மேடம் கண்டுபிடிச்ச முறை. எங்களுக்குப் பாடமே இருக்கு."
என் கடை மாடியை நினைத்துக்கொண்டேன்.
"சார், இடது கண்ணைச் சுருக்காதீங்க."
"அது சுருங்கலன்னா உங்க பாடமே இல்லம்மா" என்றேன்.
தலைசுற்றலில் உளறுகிறேன் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.