நீலக் கிடங்கின் நிழல்

புதுச்சேரி,
1958, ஆவணி மாதம்

சிரஞ்சீவி கலியமூர்த்திக்கு அப்பா எழுதிக்கொள்வது, அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் உன் அம்மாவும், மூலக்குளத்தில் உன் தங்கை சுலோசனா வீட்டாரும் தெய்வத்தின் புண்ணியத்தில் சௌக்கியமாக இருக்கிறோம். சைகோனில் நீயும் மருமகளும் குழந்தையும் அப்படியே இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும், ஆகையால் பதில் போடுவதைத் தள்ளிப்போடாதே. குழந்தைக்கு இருமல் என்று எழுதியிருந்தாயே, இப்போது எப்படி இருக்கிறது? துளசியும் மிளகும் அங்கே கிடைக்குமோ கிடைக்காதோ, கிடைத்தால் கஷாயம் வைத்துக் கொடுக்கச் சொல். போன கடிதத்தில் நீ ஒரு கேள்வி கேட்டிருந்தாய். நாலு மாதம் விடுப்புக் கிடைத்திருக்கிறது, அம்மா வரச் சொன்னால் குடும்பத்தோடு ஊருக்கு வருகிறேன், இல்லாவிட்டால் மருமகளின் தாய் வீட்டுக்கே போய்விடுகிறோம், வாசலில் நின்று அவமானப்பட எனக்குத் தெம்பில்லை என்று எழுதியிருந்தாய். அதற்குப் பதில் இந்தக் கடிதத்திலேயே இருக்கிறது. ஆனால் உடனே கடைசித் தாளைப் புரட்டாதே, சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு. நடந்ததை நடந்தபடி வரிசையாகச் சொன்னால்தான் எனக்குத் திருப்தி. மேரி என்கிற நகரசபை ஆபீஸில் அத்தனை வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் புத்தி வேறு எப்படி இருக்கும்?

உன் புத்தகம் அச்சில் ஏறிவிட்டது. பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற தேவதாஸ் அச்சுக்கூடத்துக்கு நான் தினமும் நடையாய் நடந்தால்தான் அங்கே வேலை நகர்கிறது. ஒரு நாள் போகாவிட்டால் உன் பக்கங்களை ஒதுக்கி வைத்துவிட்டுக் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொள்கிறார்கள், ஆவணி மாதம் அல்லவா. புரூஃப் திருத்துவதில் நான் கெட்டிக்காரன் என்று தேவதாஸே சொன்னார், அதை இங்கே எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. காரைக்கால் கதையில் பாதி பரங்கிப்பேட்டைக்குள் போய் உட்கார்ந்திருந்தது, நான்தான் அதைப் பிடித்து இழுத்து வந்து அதன் இடத்தில் சேர்த்தேன். மரக்காணம் தொடங்கிக் காரைக்கால் வரைக்கும் கடலோர ஊர்களில் எங்கே என்ன இருந்தது, எது எப்போது போனது என்று நீ எழுதியிருப்பதைப் பார்த்து, சைகோனில் உட்கார்ந்துகொண்டு உங்கள் மகனுக்கு இத்தனையும் எப்படி நினைவு இருக்கிறது என்று அவர் வியந்துபோனார். பாதி நான் எழுதி அனுப்பியது என்று சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. இப்படி ஒரு புத்தகம் வருகிறது என்று எப்படியோ மார்க்கெட்டுக்குள் செய்தி பரவிவிட்டது. பூக்கடை கொளஞ்சி என்னை வழி மறித்து, அவள் மாமனார் நிழலுக்கு உட்கார்ந்து பூ விற்ற பூவரச மரத்தை வெட்டிவிட்டார்கள், அதையும் சேர்க்க வேண்டும் என்கிறாள். சேர்க்கிறேன் என்று சொல்லி ஒரு முழம் மல்லிகை வாங்கி வந்தேன், வேறு என்ன செய்ய? ஆனால் உன்னிடம் எனக்கு ஒரு குறை உண்டு. ஆங்கிலேயன் இடித்த கோட்டைக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய், அது நியாயம். கடலுக்குள் நீண்டிருந்து புயலில் போன நம் இரும்புப் பாலத்துக்கும் நிறைய எழுதியிருக்கிறாய், அதுவும் நியாயம். அந்தப் பாலத்துக்குத் தெற்கே கரையில் நின்ற நீலக் கிடங்குக்கு மட்டும் மூன்றே வரி. ‘நீலச் சாயத் துணி மூட்டைகளைக் கப்பலுக்கு ஏற்றும் வரை அடுக்கி வைத்த கட்டடம், நான் ஊரைவிட்டுப் புறப்படுவதற்கு முந்தின வருஷமே இடிக்கப்பட்டது’ என்று நீ எழுதியது இவ்வளவுதான். இந்த மூன்று வரியால் நம் வீட்டில் நடந்ததைத்தான் உனக்குச் சொல்ல வருகிறேன்.

உன் அம்மாவின் பிடிவாதம் உனக்குத் தெரியாததல்ல. உன் மாமா மகள் ஆதிலட்சுமிக்கும் உனக்கும் வெற்றிலை பாக்கு மாற்றிய பிறகு, இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லி நீ கப்பல் சீட்டோடு வந்து நின்றாய். அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று அழுதவள், நீ புறப்பட்ட அன்று காலையிலேயே உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன், போவச் சொல்லுங்க என்று அவள் உள்ளேயிருந்து சொன்னதை நீயும் கேட்டாய். அதற்கப்புறம் இந்த ஒன்பது வருஷமாக உன் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. உன் கடிதத்தை நான் படிக்க ஆரம்பித்தால் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விடுவாள், பெருக்கின தரையையே மறுபடியும் பெருக்குவாள். அங்கேயே நீ கல்யாணம் செய்துகொண்டாய் என்று தெரிந்த அன்று அடுப்பே பற்ற வைக்கவில்லை. ஆதிலட்சுமியோ கடலூரில் வாழ்க்கைப்பட்டு மூன்று பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறாள். போன பொங்கலுக்கு வந்தவள், அத்தான் பொஸ்தகத்துல எங்க கடலூரப் பத்தி நல்லா எழுதியிருக்காரா மாமா என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். யாருக்காகக் கோபித்துக்கொண்டாளோ அந்தப் பெண்ணே மறந்த பிறகும், உன் அம்மா மட்டும் அந்தக் கோபத்தை அடகு வாங்கின நகை மாதிரிப் பத்திரமாக வைத்திருந்தாள். ஆனால் ஒரு வேடிக்கை கேள். புரூஃபை நான் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துத்தான் திருத்துகிறேன். அப்போது மட்டும் அவள் எழுந்து போவதில்லை. முதல் நாளே ஆச்சரியப்பட்டு அவள் முகத்தைப் பார்த்தேன், இது என்னா கடுதாசியா, பொஸ்தகம்தானே, படிங்க என்றாள். அன்றிலிருந்து தினமும் நான் படிக்கிறேன், அவள் ஏதாவது கைவேலையை வைத்துக்கொண்டு கேட்கிறாள், நானும் ஒன்றும் தெரியாதவன் மாதிரி இருந்துகொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சுலோசனா வந்திருந்தாள். தாயும் மகளும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள், நான் நீலக் கிடங்கு வந்த பக்கத்தைப் படித்தேன். படித்து முடிப்பதற்குள் அது தப்பு என்றாள் உன் அம்மா. எது தப்பு என்றேன். அந்தக் கெடங்க அவன் போனப்புறம்தான் இடிச்சாங்க, அவன் போன அன்னிக்கு அது நின்னுக்கினுதான் இருந்துச்சு என்றாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் வாயில் ‘அவன்’ வந்ததை சுலோசனா கவனித்துவிட்டாள், என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். நான் அதைக் கவனிக்கவில்லை, எனக்குப் புத்தகத்தில் தப்பு என்று ஒருத்தர் சொன்னதில்தான் ரோஷம். வருஷம் போட்டு எழுதியிருக்கிறான், வீட்டுக்குள் இருந்த உனக்குக் கடற்கரையில் எது நின்றது, எது விழுந்தது என்று என்ன தெரியும் என்று கேட்டுவிட்டேன். அவள் கையிலிருந்த கீரையை முறத்தில் போட்டுவிட்டு, அதும் பக்கத்துலதான நான் நின்னேன், எனக்குத் தெரியாம என்னா என்றாள். எனக்கு அதற்கு மேல் படிக்க வரவில்லை. சுலோசனாதான் மெல்ல மெல்லக் கேட்டு மீதியை வாங்கினாள்.

நீயும் நானும் புஷ்புஷ் தள்ளுவண்டியில் ஏறிப் போன பிறகு அவளுக்கு அறைக்குள் இருப்புக் கொள்ளவில்லையாம். யாராவது பார்த்தால் மார்க்கெட்டுக்குப் போவதாக நினைக்கட்டும் என்று கூடையை எடுத்துக்கொண்டு, முக்காடு போட்டுப் பின்தெரு வழியாகக் கடற்கரைக்கு வந்திருக்கிறாள். பாலத்தில் நம் தெருவில் பாதிப் பேர் நின்றார்கள், அவள் அண்ணன் வீட்டு ஆட்களும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். கதவச் சாத்திக்கினு கெடந்தவ எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அங்க வர்றது என்று தெற்கே ஒதுங்கி, நீலக் கிடங்கின் கடல் பக்கத்துச் சுவரோடு சுவராக நின்றுவிட்டாளாம். மத்தியான வெயில் மேற்கே சாய்ந்திருந்ததால் அங்கே நல்ல நிழல் இருந்தது என்றாள். அன்று நான் வீட்டுக்குத் திரும்பியபோது கூடை வெறுமையாக இருந்ததும், ராத்திரி வெறும் ரசம் ஊற்றியதும் எனக்கு இன்னும் நினைவு இருக்கிறது. கோபத்தில் கறிகூட வாங்கவில்லை என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். பாலத்து முனையிலிருந்து சலங்குப் படகு உன்னை ஏற்றிக்கொண்டு கப்பலை நோக்கிப் போனதை அவளும் பார்த்திருக்கிறாள், தம்பி. அவ்வளவு தூரத்தில் எந்த முகமும் தெரியவில்லையாம். ஆனால் படகின் கடைசியில் உட்கார்ந்திருந்த ஒருத்தனுடைய வெள்ளைச் சட்டை வெயிலில் பளிச்சென்று தெரிந்ததாம், அதுதான் நீ என்று அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டதாம். பெத்தவளுக்குத் தெரியாதா என்றாள். படகு கப்பலுக்கு அந்தப் பக்கம் மறையும் வரைக்கும் அந்த வெள்ளைச் சட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல், அங்காளம்மனை வேண்டிக்கொண்டு, எங்கே போனாலும் கை கால் சுகத்தோடு இரு என்று சொல்லிக்கொண்டே நின்றாளாம். நான் அழுதுவிட்டேன், இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் அழுதுகொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது, உனக்கும் இந்நேரம் வந்திருக்கும். அன்று நீ வெள்ளைச் சட்டை எங்கே போட்டிருந்தாய்? வண்டியில் கசங்கிவிடும் என்று மடியில் வைத்திருந்த கறுப்புக் கோட்டைப் பாலத்தில் நான்தானே உனக்கு மாட்டிவிட்டேன், கழுத்து வரை பொத்தான் போட்டு வியர்த்து ஒழுகிக்கொண்டுதானே படகில் இறங்கினாய்? அந்த வெள்ளைச் சட்டைக்காரன் யார் பெற்ற பிள்ளையோ, அவன் எங்கே இருந்தாலும் ஒரு குறையுமில்லாமல் இருப்பான், உன் அம்மாவின் ஆசீர்வாதம் மொத்தமும் அவனுக்குத்தான் போயிருக்கிறது. நான் இதை அவளிடம் சொல்லவில்லை. நீயும் எந்தக் காலத்திலும் சொல்லாதே.

மறுநாள் தேவதாஸிடமும் இரண்டு பழைய ஆட்களிடமும் கேட்டேன், அம்மா சொன்னதுதான் சரி. நீ போன கொஞ்ச நாளில்தான் அதை இடித்திருக்கிறார்கள். உனக்கு அந்த வருஷம் எப்படித் தவறியது என்று யோசித்துப் பார்த்தேன், நீ அன்று தெற்கே திரும்பவே இல்லை, பாலத்தில் நின்ற என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த வரியை நானே திருத்திவிட்டேன், அதற்கு நீ எனக்கு அனுமதி கொடுத்திருக்கிறாய். ஆனால் முன்னுரையில் ஒரு வரி இருக்கிறது, ‘அன்று என்னை வழியனுப்ப எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைக்கு வந்தவர் என் தந்தை ஒருவரே’ என்று. படிக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது, இப்போது அது பொய்யாகிவிட்டது. அதை நான் தொட மாட்டேன், நீதான் மாற்ற வேண்டும். முன்னுரையைக் கடைசியில்தான் அச்சுக் கோத்தார்கள், இன்னும் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை, கண்ணாடி சரியில்லை, தலை வலிக்கிறது என்று நாளைக் கடத்துகிறேன். அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உன் முன்னுரையில் அச்சுக்கூடத்து ஈய எழுத்தெல்லாம் மாட்டிக்கொண்டிருக்கிறது, கல்யாணப் பத்திரிகை கோக்க எழுத்துப் போதவில்லை என்று தேவதாஸும் முனகுகிறார். ஆகவே கடிதத்துக்குக் காத்திராமல் தந்தி கொடு. என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், உனக்குத் தெரியும்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். அதை அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நான் அவளுக்குப் படிக்காமல் ஒளித்து வைத்திருந்தேன். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது எடுத்துப் படித்தேன், வாசலில் நின்று அவமானப்படத் தெம்பில்லை என்று நீ எழுதியிருந்ததையும் சேர்த்துத்தான். அவள் எழுந்து போகவில்லை. எனக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள், அவ்வளவுதான். சரி, இது ஆகாது என்று நான் விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் அச்சுக்கூடத்துக்குப் புறப்பட்டுச் செருப்பை மாட்டும்போது பின்னாலேயே வந்தாள். அந்தக் கெடங்கு இருந்த எடத்துல இப்ப வெறும் மணலு, நெழலே இல்ல, கொடை எடுத்துக்கினுதான் போய் நிக்கணும், நம்ப கொடையில கம்பி ஒடஞ்சி கெடக்கு, வர்ற வழியில குடுத்து சரி பண்ணிக்கினு வாங்க என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை, கேட்டால் காரியம் கெட்டுவிடும். பழைய கம்பியே மறுபடியும் உடையும் என்று புதுக் குடையாகவே வாங்கி வந்துவிட்டேன், அது உள்ளறையில் ஆணியில் தொங்குகிறது. நேற்று கீரைக்காரி வந்திருந்தபோது, சைகோன்ல கொழந்தைங்க காரம் தின்னுமா என்று உன் அம்மா அவளிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு என்ன தெரியும் பாவம். இதற்கு மேல் உனக்கு என்ன அழைப்பு வேண்டும்?

மருமகளுக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசீர்வாதம், நோய் நொடியில்லாமல் எல்லோரும் நல்லபடியாக வந்து சேருங்கள். கப்பலில் குழந்தையைக் காற்றில் நிறுத்தாதே, தொண்டைக்குத் துணி சுற்று. புதுப் பாலம் இன்னும் கட்டி முடியவில்லை, சலங்கு மணலிலேயே வந்து மோதி நிற்கிறது, இறங்கும்போது மருமகளைப் பிடித்துக்கொள். படகில் வரும்போது வழக்கம்போல என்னையே பார்த்துக்கொண்டிருக்காதே, தெற்குப் பக்கம் திரும்பி உட்கார். கோட்டை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, மறக்காமல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வா.

இப்படிக்கு,
உன் அப்பா
தெய்வசிகாமணி